சிங்க லோரியில் வந்த பரிசத் தட்டுகள்

போன வருடம் தை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஈப்போ குனோங் ராபாட்டில் எங்கள் வீட்டில் மகளுக்குப் பரிசம். வாசலில் பந்தல், பந்தலுக்குக் கீழே வாடகை நாற்காலிகள், சமையற்கட்டில் மூன்று அடுப்பும் எரிய, நடுவில் நான். மாப்பிள்ளை வீட்டார் கிள்ளானில் இருந்து ஒரு பஸ்ஸை வாடகைக்கு எடுத்துக்கொண்டு விடியுமுன்பே புறப்பட்டுவிட்டார்கள். பன்னிரண்டு மணிக்கு எமகண்டம் பிறக்கிறது. அதற்குள் தட்டு மாற்றியாக வேண்டும்.

ஒன்பதரை மணிக்குப் போன் வந்தது. மாப்பிள்ளைதான்.

"அத்தை, பஸ் ரோசாக் ஆயிருச்சு. லகாட்டுல நிக்கிறோம்."

அவருக்குப் பின்னால் இருந்து அவருடைய அம்மாவின் குரல் எனக்கு நன்றாகவே கேட்டது. "என்னடா ஊரு இது, ஒரு காக்கா கூட இல்ல!"

எனக்குச் சுருக்கென்றது. பஸ் பழுதானதற்கு அல்ல. அந்தக் காக்காவுக்கு.

கதையைக் கொஞ்சம் பின்னால் இருந்து சொல்ல வேண்டும். பெண் பார்க்க வந்த அன்றே சம்பந்தியம்மாவுக்கு எங்கள் ஊர் பிடிக்கவில்லை. பெண்ணைப் பிடித்துவிட்டது, வடையைப் பிடித்துவிட்டது, ஊரைத்தான் பிடிக்கவில்லை. "ஞாயித்துக்கிழமையே ரோட்டுல ஆளக் காணோம். ரிட்டயர் ஆனவங்க ஊருன்னு சொல்வாங்க, சரியாத்தான் இருக்கு" என்றார். கோப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு, "ஈயம் போச்சு, ஊரும் போச்சு" என்று முடித்தார். நான் வாயைத் திறக்குமுன் என் வீட்டுக்காரர் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தார். அவர்கள் போன பிறகு அந்தக் கோபத்தை எல்லாம் பாத்திரங்கள் மேல் காட்டினேன். அன்று ஒரு கப்பின் காது உடைந்தது.

எரிச்சல் என்னவென்றால், அவர் சொன்னது பொய்யில்லை. ஈயச் சுரங்கம் மூடி எத்தனையோ வருடமாகிவிட்டது. நான் பிறந்த ரப்பர் தோட்டத்தில் இன்று ரப்பரும் இல்லை, நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளும் இல்லை. செம்பனை பாதி, வீடமைப்பு மீதி. எங்கள் தெருவை எடுத்துக்கொண்டால், பாதி வீடுகளில் வயதான இரண்டு பேர், வாசலில் இரண்டு ஜோடி செருப்பு. பிள்ளைகள் எல்லாம் கோலாலம்பூர், சிங்கப்பூர். என் மகனே சிங்கப்பூரில்தான் இருக்கிறான். நம் வீட்டுக் குறையை நாம் சொல்லலாம், வந்தவர்கள் சொன்னால் பொறுக்குமா?

ஆனால் அன்று விஷயம் ரோஷத்தோடு நிற்கவில்லை. என் மகள் ஈப்போவில் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. மாப்பிள்ளைக்குக் கணினி வழி கணக்கு வேலை, எங்கே உட்கார்ந்தும் பார்க்கலாம். கல்யாணத்துக்குப் பிறகு ஈப்போவிலேயே இருப்பது என்று இரண்டு பேரும் ஆசையாக முடிவு செய்து வைத்திருந்தார்கள். அதை அம்மாவிடம் சொன்னதற்கு அவர், "செத்த ஊருல எம்புள்ள என்னத்துக்கு? பொண்ணு கிள்ளானுக்கு மாத்தல் வாங்கிட்டு வரட்டும். பரிசத்துல நாலு பேரு முன்னாடி பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டார். சபையில் அவர் அப்படிக் கேட்டால் எங்களால் மறுக்க முடியாது. மகனை ஏற்கெனவே சிங்கப்பூருக்குக் கொடுத்தாயிற்று. இருக்கும் ஒரு பெண்ணையும் கிள்ளானுக்கு அனுப்பிவிட்டு, வாசலில் இரண்டு ஜோடி செருப்போடு நாங்கள் இருக்க வேண்டும். இதை நினைத்து நான் அந்த வாரம் முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை.

இப்படி இருக்கும்போது அவர்கள் பஸ், ஈப்போ வட்டாரத்திலேயே இடம் பார்த்துப் போய் லகாட்டில் நின்றிருக்கிறது. நெடுஞ்சாலையில் நேராக வந்திருந்தால் லகாட் பக்கமே வந்திருக்க மாட்டார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமன் ஹுத்தான் மெலிந்தாங்கில் இருக்கிறார். தாய்மாமன் இல்லாமல் பரிசம் உண்டா? அவரை ஏற்றிக்கொண்டு தெலுக் இந்தான், பத்து காஜா என்று உள்ரோட்டிலேயே வந்திருக்கிறார்கள். லகாட்டும் பழைய ஈய ஊர்தான். ஒரு காலத்தில் எப்படி இருந்ததோ, இன்று ஒரு வரிசைக் கடைகள், அதிலும் முக்கால்வாசி கதவு இறக்கியது. ஈப்போவைச் செத்த ஊர் என்கிறவருக்கு லகாட்டைக் காட்டினால் என்ன சொல்வார்?

"நீ இங்கயே இரு, நான் போயி பாத்துட்டு வாரேன்" என்றார் என் வீட்டுக்காரர்.

"நீங்க போனா தலையாட்டிட்டு வருவீங்க" என்று நானும் காரில் ஏறிவிட்டேன். அடுப்பை என் தங்கையிடம் ஒப்படைத்தேன். எதிர்வீட்டு மலாய்க்காரரும் பக்கத்து வீட்டுச் சீனரும், கேட்காமலேயே அவரவர் காரை எடுத்துக்கொண்டு எங்களுக்குப் பின்னால் வந்தார்கள்.

லகாட்டில் போய் இறங்கினோம். பஸ்ஸின் முன்பக்கத்தில் இருந்து புகை. டிரைவர் சாலையோரம் குந்தி உட்கார்ந்திருந்தார். பட்டுப்புடவைகள் எல்லாம் கடைகளுக்கு முன்னால் ஓடும் ஐந்தடி நடைபாதையில் வரிசையாக நின்று விசிறிக்கொண்டிருந்தன. நடுவில் பூட்டிக் கிடந்த ஒரு கடைப் படியில் சம்பந்தியம்மா. பஸ்ஸுக்குள் இருபத்தொரு தட்டுகள். கூறைப்புடவையை மயிலாக மடித்த தட்டு, சாக்லெட்டைக் கோபுரமாக அடுக்கிய தட்டு, பழம், இனிப்பு, வளையல். ஏர்கோன் நின்றுபோனதில் சாக்லெட் கோபுரம் ஒரு பக்கம் சாயத் தொடங்கியிருந்தது.

"ஒண்ணும் சூசா இல்ல சம்பந்தி, கவலப்படாதீங்க" என்றேன். "மூணு காரு இருக்கு. நாலு நடை அடிச்சா எல்லாரையும் கூட்டிட்டுப் போயிரலாம். தட்டையும் ஏத்திரலாம்."

சம்பந்தியம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஆளுங்க ஏறட்டும். தட்டு ஏறக்கூடாது. பொண்ணு வீட்டு வண்டியில சீர் போனா, உங்க சீர நீங்களே தூக்கிட்டுப் போன மாதிரிலா. எங்க வீட்டுல அப்படிப் பழக்கம் இல்ல."

"மத்த ரெண்டு காரு எங்களோடது இல்லைங்க. பக்கத்து வீட்டுக்காரங்களோடது."

"நீங்க கூட்டிட்டு வந்த வண்டி எல்லாம் உங்க வண்டிதான்."

என் வீட்டுக்காரர் மெதுவாக, "அவங்க சொல்றதும் நியாயந்தான்" என்றார். நான் பார்த்த பார்வையில் அவர் நகர்ந்து போய் எஞ்சினைப் பார்க்க ஆரம்பித்தார். அவருக்கு எஞ்சினைப் பற்றி ஒன்றும் தெரியாது.

மாப்பிள்ளை கைபேசியில் வாடகைக் கார் தேடினார். ஒன்று வந்தது. பெட்டி மாதிரி சின்னக் கார். மயில் தட்டை நேராக நுழைத்தார்கள், சாய்த்து நுழைத்தார்கள். மயில் நுழையவில்லை. அந்த டிரைவர் மயிலைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். வேறொரு பஸ் அனுப்பச் சொல்லிக் கேட்டதில், அது வந்து சேர மதியம் இரண்டு மணியாகும் என்றார்கள். மணி பத்தைத் தாண்டியிருந்தது. தெருவில் யாருமே இல்லை. ஒரு நாய் வந்து எங்கள் எல்லோரையும் பார்த்துவிட்டு, இவர்களால் ஒன்றும் ஆகாது என்பதுபோலத் திரும்பிப் போனது.

"பாத்தீங்களா?" என்றார் சம்பந்தியம்மா. "ஒரு ஒத்தாசைக்குக் கூப்பிடலாம்னா ஒரு ஆளு இருக்கா இந்த ஊருல? இதுக்குத்தான் நான் சொன்னேன்."

அந்த நாய்கூட இப்போது கண்ணில் படவில்லை.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. கடை வரிசைக்குப் பின்னால் இருந்து, டம் டம் என்று பெரிய முரசு. கூடவே ஜால்ரா. சீனப் பெருநாளுக்கு இன்னும் சில வாரங்கள்தான் இருந்தன. சிங்க நடனக்காரர்கள் எங்கோ ஒத்திகை பார்க்கிறார்கள். சிங்க நடனக் குழு என்றால் முரசு ஏற்ற ஒரு லோரி இருக்கும். திறந்த லோரி. மயில் நிமிர்ந்து நிற்கலாம்!

ஓடப் போனவள், ஓர் அடி வைத்து நின்றேன். நான் போய்க் கேட்டால் அதுவும் 'எங்கள் வண்டி' ஆகிவிடுமே.

"சம்பந்தி, அந்தப் பக்கம் ஆளுங்க இருக்காங்க. லோரியும் இருக்கும். நான் கேட்டா அது பொண்ணு வீட்டு வண்டி. நீங்கதான் வந்து கேக்கணும்" என்றேன். சொல்லும்போது உள்ளுக்குள் எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகவே இருந்தது, மறைப்பானேன்.

சம்பந்தியம்மா எழுந்து, புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டு, சத்தம் வந்த திசையில் நடந்தார். நான் பின்னாலேயே, வாயை மூடிக்கொண்டு போனேன். என் வீட்டுக்காரர் அதைப் பார்த்திருந்தால் போட்டோ எடுத்திருப்பார்.

பின்பக்கம் ஒரு தகரக் கொட்டகை. உள்ளே பத்துப் பன்னிரண்டு சீன இளைஞர்கள், சிவப்பிலும் மஞ்சளிலும் இரண்டு சிங்கத் தலைகள். முரசை அடித்துக்கொண்டிருந்தது ஓர் அம்மா. வயது அறுபது இருக்கும், குட்டை முடி, பனியனும் அரைக்கால் சட்டையும், இரண்டு கையிலும் தடி. பட்டுப்புடவையில் நாங்கள் இரண்டு பேர் போய் நின்றதும் முரசு நின்றது. சம்பந்தியம்மா மலாயில் ஆரம்பித்தார். பஸ் ரோசாக், தட்டு, நேரம் என்று கையாலும் வாயாலும் சொல்லிக்கொண்டே வந்தவர், 'துனாங்' என்று ஒரு சொல்லைச் சொன்னார். மலாயில் நிச்சயதார்த்தம்.

"துனாங்?" என்றார் முரசம்மா.

"துனாங்" என்றார் சம்பந்தியம்மா.

அவ்வளவுதான். முரசம்மா தடியால் முரசின் விளிம்பில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டிக் கண்டோனிஸில் என்னவோ கத்தினார். பையன்கள் சிங்கத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடினார்கள். ஒருவன் லோரியைக் கிளப்பினான். "போலே லா, ஆண்டி!", தாராளமாகச் செய்யலாம் என்று அவன் சொன்னபோது, லோரி தருவீர்களா என்ற கேள்வியைச் சம்பந்தியம்மா இன்னும் கேட்கவே இல்லை.

முரசையும் இரண்டு சிங்கங்களையும் ஏற்றிக்கொண்டு லோரி பஸ்ஸுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. பையன்கள் வரிசையாக நின்று, குழந்தையை வாங்குவதுபோல ஒவ்வொரு தட்டாகக் கைமாற்றி ஏற்றினார்கள். அவர்களில் ஒருவனிடம் நான் மலாயில் பேச்சுக் கொடுத்தேன். வாரம் முழுக்கச் சிங்கப்பூரில் வேலையாம். பெருநாள் நெருங்கினால் சனிக்கிழமை தவறாமல் பஸ் ஏறி ஒத்திகைக்கு வந்துவிடுவானாம். நாங்களும் வராவிட்டால் சிங்கத்துக்கு யார் கால் கொடுப்பது என்று சிரித்தான். என் மகன் வயதுதான் அவனுக்கும். அவன் முதுகில் தட்டிக்கொடுத்தேன், வேறு என்ன செய்வது.

லோரிக்கு மேலே முரசம்மா நின்றுகொண்டு "சத்து, டுவா, தீகா" என்று எண்ணிக்கொண்டே வந்தார். இருபத்தொன்றாவது தட்டு ஏறியதும் இன்னொன்றுக்குக் கையை நீட்டினார். இல்லை என்றோம். முகம் மாறிவிட்டது. "ஒன்று காணோம்!" என்று மலாயில் ஒரே கூச்சல். பையன்கள் பஸ்ஸுக்குள் பாய்ந்தார்கள். சீட்டுக்கு அடியில் தேடினார்கள். ஹுத்தான் மெலிந்தாங் தாய்மாமனும் எதற்கு என்று தெரியாமலேயே குனிந்து தேடினார்.

எனக்கு அப்புறம்தான் விளங்கியது, சிரிப்பை அடக்க முடியவில்லை. நமக்குச் சீர்த்தட்டு ஒற்றைப்படையில் இருக்க வேண்டும். சீனர்களுக்குக் கல்யாணக் காரியம் என்றால் எல்லாமே ஜோடி. ஒற்றைப்படையில் சீர் அனுப்பினால் ஆகவே ஆகாது. சம்பந்தியம்மா விளக்கிச் சொன்னார். முரசம்மா கேட்கவில்லை. கல்யாணத்துக்குப் போகிற சாமான் தனியாக நிற்கலாமா, பிள்ளைகள் நன்றாக இருக்க வேண்டாமா என்று சம்பந்தியம்மாவைக் கோபித்துக்கொண்டு லோரியில் இருந்து குதித்தார். எங்கோ போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு சிவப்புத் தட்டு. அதில் இலையோடு இரண்டு பம்பளிமாஸ், சிவப்புத் தாள் சுற்றியது. பெருநாளுக்கு அவர் வீட்டில் வாங்கி வைத்திருந்தது.

"டுவா புலோ டுவா. போலே!" இருபத்திரண்டு, இப்போது போகலாம்.

மனதார ஒருவர் கொடுப்பதை எப்படி மறுப்பது? சம்பந்தியம்மா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வாங்கியவர் என் பக்கம் திரும்பி என் கையை இறுகப் பிடித்தார். அதுவரை அவர் என்னைத் தொட்டதே இல்லை.

"சம்பந்தி, ரெட்டப்படை ஆயிருச்சே! இன்னொண்ணு வேணுமே, என்னா பண்றது?"

அது முரசம்மாவுக்குக் காதில் விழுந்ததோ, இல்லை முகத்தைப் பார்த்தே தெரிந்ததோ. இன்னும் வேண்டுமா, அவ்வளவுதானே என்று கடை வரிசையைப் பார்த்து ஒரு குரல் கொடுத்தார். முரசு அடிப்பவர் குரல் எப்படி இருக்கும்! பூட்டிக் கிடக்கிறது என்று நாங்கள் நினைத்திருந்த ஒரு கடையின் இரும்புக் கதவு பாதி மேலே ஏறியது. உள்ளே இருந்து பனியன் போட்ட ஒரு சீனத் தாத்தா குனிந்து வெளியே வந்தார். கையில் ஹியோங் பியா பிஸ்கட் அடுக்கிய தட்டு. இருபத்து மூன்று. சம்பந்தியம்மாவுக்கு உயிர் வந்தது. "போதும், போதும்! ஏறுங்க, ஏறுங்க!" என்று எல்லோரையும் விரட்டினார். முரசம்மா தலையில் கை வைத்துக்கொண்டார்.

ஆனால் கூப்பிட்ட குரல் கூப்பிட்டதுதானே. மாடியில் ஒரு சன்னல் திறந்தது, பிறகு இன்னொன்று. பக்கத்துச் சந்தில் இருந்து இரண்டு மலாய் அக்காக்கள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து மயிலைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். சைக்கிளில் ஒருவர் வந்து இறங்கினார். இத்தனை பேர் எங்கே இருந்தார்கள் என்று எனக்கே ஆச்சரியம். அவர்களுக்குள் இருந்து நம் தமிழ்ப் பெண் ஒருத்தி, ஈரத் தலையில் துண்டைச் சுற்றியபடி, மூச்சு வாங்க ஓடி வந்தாள்.

"பரிசம்னு கத்துறாங்க, வெறுங்கையோட எப்படி வாரது? வீட்டுப் பின்னால வெத்தல இருந்துச்சு, பறிச்சுட்டு வந்தேன்க்கா."

எவர்சில்வர் தட்டு நிறைய தளிர் வெற்றிலை, மேலே கொட்டைப்பாக்கு. பரிசத்துக்கு வெற்றிலை பாக்கு வருகிறது. எந்த வாயால் வேண்டாம் என்று சொல்வது? சம்பந்தியம்மா கண்ணை மூடிக்கொண்டு வாங்கினார். இருபத்து நான்கு. முரசம்மா இரண்டு கட்டை விரலையும் உயர்த்திக் காட்டிவிட்டு முரசுக்குப் பின்னால் போய் நின்றார்.

அதற்குமேல் எண்ண நேரம் இல்லை. மணி பதினொன்று. கடையில் இருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டு, பையன்கள் இரண்டு பக்கமும் பிடித்து, சம்பந்தியம்மாவை லோரியில் ஏற்றினார்கள். ஒரு பெஞ்சில் அவர் உட்கார, மடியில் மயில் தட்டு, பக்கத்தில் சிங்கத் தலை. மாப்பிள்ளையும் மாமனும் ஆளுக்கு ஒரு மூலையில் சாக்லெட் கோபுரத்தைப் பிடித்துக்கொண்டார்கள். மற்றவர்கள் கார்களில் நெருக்கியடித்து ஏறினார்கள். போதாததற்கு லகாட் ஆட்களே நாலைந்து காரை எடுத்து வந்துவிட்டார்கள். 'யார் வீட்டு வண்டி' என்ற பேச்சே அப்புறம் எழவில்லை.

ஈப்போ சாலையில் அந்த லோரிக்குப் பின்னால் எங்கள் கார். முரசம்மா சும்மா வரவில்லை, அடித்துக்கொண்டே வந்தார். சிக்னலில் நின்றபோது பக்கத்துக் காரில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். ஒவ்வொரு பள்ளத்துக்கும் சிங்கத்தின் தலை சம்பந்தியம்மாவின் தோளில் சாய, அவர் அதைச் செல்லமாகத் தள்ளி நிமிர்த்தி வைத்தார். மூன்றாவது தடவை அதன் தலைமேல் கையைப் போட்டு அணைத்துக்கொண்டார். அவர் சிரித்து அப்போதுதான் பார்த்தேன்.

"முந்திப் போங்க! நான் போயி ஆரத்திக்கு ஏற்பாடு பண்ணணும்!" என்று என் வீட்டுக்காரரை விரட்டினேன். வாழ்க்கையில் முதல்தடவையாக அந்த மனிதர் ஒரு லோரியை முந்தினார்.

எங்கள் தெருவுக்குள் அந்த லோரி நுழைந்ததை நான் என்னவென்று சொல்வேன்! பந்தலில் எங்கள் ஸ்பீக்கர் நாதஸ்வரம் வாசித்துக்கொண்டிருந்தது. அதற்கு மேலே முரசு. பெருநாளுக்கு ஹியோங் பியா வாங்க வெளியூரில் இருந்து வந்து எங்கள் தெருமுனை பிஸ்கட் கடை வாசலில் வரிசை நின்றவர்கள், ஏதோ திருவிழா என்று கேமராவோடு ஓடி வந்தார்கள். இரண்டு ஜோடி செருப்பு வீடுகளில் இருந்து கிழவன் கிழவி எல்லாம் வெளியே வந்துவிட்டார்கள். சிங்கம் இரண்டும் எங்கள் கேட்டுக்கு முன்னால் குதித்து ஆடி, தரையில் படுத்து, தலையைத் தூக்கிக் கண் சிமிட்டின. என் தங்கை மாப்பிள்ளைக்கு ஆரத்தி சுற்றினாள். சுற்றிய கையோடு சிங்கங்களுக்கும் சுற்றி, நெற்றியில் பொட்டும் வைத்துவிட்டாள். என் மகள் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பு வாசல்வரை கேட்டது.

தட்டுகளைச் சபையில் பரப்பி வைத்தபோது மணி பதினொன்றே முக்கால். இனிமேல்தான் எனக்குப் பயம். தாய்மாமன் எழுந்து, முறைப்படி பெண் கேட்டார். நாங்கள் சம்மதம் சொன்னோம். தட்டு மாற்றுவதற்கு முன் தாய்மாமன் ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டு, "ரெட்டப்படையால்ல இருக்கு? ரெண்டு தட்ட ஒண்ணாக் கொட்டிரலாம்" என்றார்.

"எதக் கொட்டுறது?" என்றார் சம்பந்தியம்மா. "ஒண்ணு அந்த மொரசம்மா வீட்டுது. ஒண்ணு அந்தத் தாத்தா கடையில இருந்து வந்தது. வெத்தல அந்தப் பொண்ணு ஈரத் தலையோட ஓடியாந்து குடுத்தது. எதையும் கொட்டக் கூடாது."

"அப்ப ஒண்ணு கொறையுதே."

இதோ, கிள்ளான் மாற்றலைப் பற்றி இப்போது பேசப் போகிறார் என்று நான் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டேன்.

சம்பந்தியம்மா என்னைப் பார்த்தார்.

"சம்பந்தி, உங்க ஊருல ஆளு இல்லன்னு நான்தான் சொன்னேன். இருக்குறவங்க அத்தன பேரும் இன்னிக்கு எனக்காக ஓடியாந்தாங்க. ஆளு கொறச்சல்தான், நான் இல்லேன்னு சொல்லல. அதுனால ஒண்ணு நான் சேக்குறேன்." பக்கத்தில் இருந்த மாப்பிள்ளையின் தோளைப் பிடித்துத் தட்டுகளின் பக்கம் மெதுவாகத் தள்ளினார். "எம்புள்ள இங்கயே இருக்கட்டும். இப்ப எண்ணிப் பாருங்க. இருவத்தஞ்சு."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. நான் எழுந்து போய் அவரைக் கட்டிக்கொண்டேன். பட்டுப்புடவை முழுக்க லோரி தூசி. உள்ளே என் மகளும் அழுகிறாள், மாப்பிள்ளை எங்கே நிற்பது என்று தெரியாமல் தட்டுகளுக்கு நடுவே நிற்கிறார், என் வீட்டுக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். முன்வரிசையில் லட்டு தின்றுகொண்டிருந்த முரசம்மா, என்ன நடக்கிறது என்று என் கையைப் பிடித்து இழுத்துக் கேட்டார். மலாயில் சொன்னேன். விரல்விட்டு எண்ணினார். இருபத்தைந்தா என்று முகம் சுருங்கியது. பிறகு சன்னலுக்குப் பின்னால் நின்ற என் மகளைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. பையன் ஒன்று, பெண் ஒன்று, அது டுவா, ஜோடிதான், சரியாகிவிட்டது என்று மீதி லட்டை வாயில் போட்டுக்கொண்டார். எமகண்டம் பிறக்க இன்னும் சில நிமிடங்கள் இருக்கும்போதே தட்டு மாற்றிவிட்டோம்.

வைகாசியில் கல்யாணம் முடிந்தது. பிள்ளைகள் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி வாடகைக்கு இருக்கிறார்கள். சம்பந்தியம்மா மாதம் தவறாமல் வருகிறார். வந்தால் முதலில் லகாட்டுக்குப் போய் முரசம்மாவுக்கு முறுக்கு கொடுத்துவிட்டுத்தான் இங்கே வருவார். "உங்க ஊருல கார் போட ஒரு எடம் கெடைக்குதா? எவ்வளவு கூட்டம்லா!" என்று இப்போது அதற்கும் குறை. நான் வாயைத் திறந்தால் என் வீட்டுக்காரர் காலை மிதிக்கிறார், பழக்க தோஷம்.

இன்றும் யாராவது எங்கள் ஊரைச் செத்த ஊர் என்று சொன்னால் முன்போல நான் சண்டைக்கு நிற்பதில்லை. ஒருதடவை வாய்விட்டுக் கூப்பிட்டுப் பாருங்கள் என்று மட்டும் சொல்கிறேன், சொல்லும்போதெல்லாம் பாதி ஏறிய அந்த இரும்புக் கதவும், தன் பிள்ளையைத் தட்டோடு தட்டாக எங்கள் ஊருக்குக் கொடுத்துவிட்டுப் போன அந்த அம்மாவும் என் கண்முன் வந்து நிற்கிறார்கள்.